டிவி பதிவு செய்ய கிராபிக்ஸ் கார்டு எதுக்கு சாமி?

எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டிருக்கிறது. "வீட்டில் டிவி ரெக்கார்டிங் சர்வர் கட்ட பெஸ்ட் பார்ட்ஸ்" என்று தலைப்பு. எட்டு கோர் பிராசஸர், 32 ஜிபி மெமரி, தனி கிராபிக்ஸ் கார்டு, தண்ணீர் ஓடிக் குளிர வைக்கும் கூலர், 750 வாட் பவர் சப்ளை, கண்ணாடிக் கதவு வைத்து உள்ளே கலர் கலராக லைட் எரியும் கேபினட். கூட்டிப் பார்த்தால் எண்பதாயிரத்தைத் தாண்டுகிறது. கடைசி வரியில், போனால் போகிறது என்று ஒரு ட்யூனர் கார்டு. அதற்கும் மாடல் பெயர் இல்லை, "ஏதாவது ஒண்ணு போதும் மச்சி" என்று ஒரு குறிப்பு!

கல்யாணத்துக்கு மண்டபம், பந்தல், வாழைமரம், நாதஸ்வரம் எல்லாம் பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்துவிட்டு, "மாப்பிள்ளை ஏதாவது ஒண்ணு போதும்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது.

மக்களே, இதை எழுதுவதற்குக் காரணம் அந்தப் பட்டியலைப் போட்டவர் மேல் கோபம் இல்லை. அது கேம் விளையாடும் கணினிக்கான பட்டியல். விளையாட அது நல்ல பொட்டிதான். ஆனால் "டிவி பதிவு" என்ற பெயரில் இதைப் பார்க்கிற பத்து பேரில் ஒன்பது பேர் "அம்மாடி, இவ்வளவு செலவா" என்று திரும்பிப் போய்விடுவார்கள். போய் என்ன செய்வார்கள்? டிடிஎச் கம்பெனி தரும் ரெக்கார்டர் பொட்டியை மாத வாடகைக்கு எடுப்பார்கள். எனக்கு வயிற்றெரிச்சல் அங்கேதான். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் அடிப்படைக் கணக்கு. கணக்கு என்றதும் ஓடாதீர்கள், அஞ்சாம் கிளாஸ் பெருக்கல்தான்.

சேட்டிலைட்டில் இருந்து வருகிற சேனல், ஏற்கெனவே சுருக்கப்பட்டு எம்பெக்-2 ஆகவோ எச்.264 ஆகவோதான் வருகிறது. சுருக்குகிற வேலையை ஒளிபரப்புகிறவரே செய்து முடித்துவிட்டார். சாதாரணத் தரச் சேனல் ஒன்று வினாடிக்கு 4 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது அரை மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி. பதிவு செய்வது என்றால், வருகிற பிட்டுகளை அப்படியே எடுத்து வன்தட்டில் எழுதுவது, அவ்வளவே. பிரித்துப் பார்ப்பதில்லை, மாற்றுவதில்லை, படமாக வரைவதும் இல்லை. வாளியில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி. குழாயில் வருவதை வாளியில் பிடிக்க எட்டு கோர் எதற்கு?

ஒரு டிரான்ஸ்பாண்டர் முழுவதையும், அதாவது பத்துப் பன்னிரண்டு சேனல்களை ஒட்டுமொத்தமாக அள்ளினாலும், வினாடிக்கு 40 மெகாபிட் சுற்றளவில்தான் வரும். அது 5 மெகாபைட். இன்றைய சாதாரண வன்தட்டு தொடர்ச்சியாக எழுதும்போது நூறு மெகாபைட்டுக்கு மேல் சர்வ சாதாரணமாகத் தாங்கும். பத்து வருடப் பழைய லேப்டாப் கூட இந்த வேலையைத் தூங்கிக்கொண்டே செய்யும்.

அப்படியானால் இந்த "பெரிய பிராசஸர் வேண்டும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? சும்மா வரவில்லை. ஒரு காலத்தில் அது உண்மை. அனலாக் கேபிள் காலத்தில், ட்யூனர் கார்டு கொடுத்தது சுருக்கப்படாத படம். பால் முறையில் 720க்கு 576 புள்ளிகள், வினாடிக்கு 25 சட்டங்கள், புள்ளிக்கு இரண்டு பைட். பெருக்கிப் பாருங்கள், வினாடிக்கு 20 மெகாபைட்டுக்கு மேல், மணிக்கு 74 ஜிபிக்கு மேல்! 2002-ல் ஐசக் ரிச்சர்ட்ஸ் மித்டிவியை ஆரம்பித்த சமயத்தில் மணிக்கு 74 ஜிபி எழுத வன்தட்டுக்கு எங்கே போவது? படம் வரவர உடனுக்குடன் சுருக்கியாக வேண்டும், பிராசஸர் மூச்சு வாங்கும். அதனால்தான் அப்போது விவரம் தெரிந்தவர்கள் ஹாப்பேஜ் பிவிஆர்-150, 250, 350 மாதிரி, கார்டிலேயே எம்பெக்-2 சுருக்கும் சிப் வைத்தவற்றைத் தேடித் தேடி வாங்கினார்கள். டிஜிட்டல் வந்த பிறகு அந்தச் சுமையே போய்விட்டது. அறிவுரை மட்டும் போகவில்லை! ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து எழுதி, ஒவ்வொரு முறையும் பிராசஸர் பெயரை மட்டும் புதுசாக மாற்றி, இன்று வரை ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு கொடுமை, இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் நிறைய அமெரிக்காவில் எழுதப்பட்டவை. அவர்கள் "மொட்டை மாடியில் ஆன்டெனா வை, ஏடிஎஸ்சி ட்யூனர் வாங்கு" என்பார்கள். அங்கே சரி. இங்கே அந்த ட்யூனர் வெறும் பேப்பர் வெயிட். நம் ஊரில் தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை 2022-க்குள் அநேகமாக எல்லாவற்றையும் மூடிவிட்டது. நமக்கு வானத்தில் இருந்து பூட்டில்லாமல் கிடைப்பது சேட்டிலைட் வழியாகத்தான். எனவே டிவிபி-எஸ்2 ட்யூனர் வேண்டும். இதைச் சொல்லாத எந்தப் பட்டியலும் நமக்கான பட்டியல் இல்லை.

சரி, அந்த டிடிஎச் ரெக்கார்டர் கதைக்கு வருகிறேன்.

எங்கள் தாத்தா தவில் வாசிப்பவர். பெரிய பெயர் எல்லாம் இல்லை, சுற்றுவட்டாரக் கோயில்களில் தெரிந்தவர், அவ்வளவுதான். அவர் கடைசியாக வாசித்த கோயில் உற்சவம் ஒன்று டிவியில் அரை மணி நேரம் வந்தது. வீட்டில் அப்போது ஒரு டிடிஎச் ரெக்கார்டர் பொட்டி இருந்தது. சித்தி மறக்காமல் பதிவு செய்து வைத்தார். தாத்தா போன பிறகு பாட்டி வாரத்துக்கு ஒருமுறை அதைப் போடச் சொல்லிக் கேட்பார். பார்க்கக் கூட மாட்டார், சமையலறையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் பொட்டி படுத்துவிட்டது. கம்பெனி ஆள் வந்தார், நல்ல மனுஷன், பத்து நிமிஷத்தில் புதுப் பொட்டி மாட்டிவிட்டு, பழையதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "அதுல ரெக்கார்டிங் இருக்கே" என்று சித்தி கேட்டதற்கு, "அது வராதுங்க மேடம்" என்றார். வன்தட்டைக் கழற்றித் தாங்கள் என்றால், அது கம்பெனி சொத்து. கழற்றிக் கொடுத்திருந்தாலும் பயனில்லை. பதிவு பூட்டப்பட்டு, அந்த ஒரு பொட்டியில் மட்டும் திறக்கும்படி இருக்கும். சந்தா முடிந்தாலும் அதே கதிதான் என்று அப்புறம் தெரிந்துகொண்டோம்.

இதற்குப் பெயர் பதிவா? நம் வீட்டுப் பரணில் நம் பெட்டியை வைத்து, சாவியை எதிர்வீட்டுக்காரரிடம் கொடுத்து, அதற்கு மாத வாடகையும் நாமே கட்டுவது. 2020-ல் டிராய், எந்தக் கம்பெனி சேவைக்கும் எந்த செட்டாப் பாக்ஸும் பொருந்த வேண்டும் என்று அரசுக்குப் பரிந்துரை செய்தது. எங்கள் வீட்டு டிவிக்கு அடியில் அதன் சுவடு எதுவும் இதுவரை தென்படவில்லை.

"சட்டப்படி பதிவு செய்யலாமா" என்று சிலர் பயப்படுகிறார்கள். இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 39-ஐப் படியுங்கள். ஒளிபரப்பைத் தன் சொந்த உபயோகத்துக்காக ஒருவர் ஒலியாகவோ படமாகவோ பதிவு செய்தால், அது ஒளிபரப்பாளரின் உரிமையை மீறியதாகாது என்று பச்சையாக எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் இதற்கு சோனி கம்பெனி உச்சநீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 1984-ல் ஐந்துக்கு நான்கு என்று மயிரிழையில் ஜெயித்தார்கள். நமக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. (பதிவு செய்ததை யூட்யூபில் ஏற்றுவதும், பென் டிரைவில் போட்டு விற்பதும் வேறு சமாச்சாரம். அதற்கு இந்தப் பிரிவு காப்பாற்றாது. என்னை இழுக்காதீர்கள்.)

ஆக, உரிமை சட்டத்தில் இருக்கிறது. கையில் இல்லாதது பூட்டில்லாத பொட்டி. அதைக் கட்டுவது எண்பதாயிரம் ரூபாய் விவகாரம் என்று பில்டப் கொடுக்கிறவர்கள், தெரிந்தோ தெரியாமலோ பூட்டு வைக்கிறவனுக்கு வேலை செய்கிறார்கள். இதுதான் என் வாதம்.

இப்போது காசை எங்கே போட வேண்டும் என்று பார்ப்போம். மாடியில் இருந்து கீழே வாருங்கள்.

மாடியில் இருப்பது டிஷ். டிடி ஃப்ரீ டிஷ் (2004 டிசம்பரில் டிடி டைரக்ட் ப்ளஸ் என்ற பெயரில் வந்தது) இப்போது கிழக்கு 93.5 டிகிரியில் இருக்கும் ஜிசாட்-15-ல் இருந்து வருகிறது. மாதக் கட்டணம் கிடையாது, பெரும்பாலான சேனல்களுக்குப் பூட்டும் கிடையாது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அங்கே ஹிந்தி ராஜ்ஜியம்தான். தமிழுக்கு முக்கியமாக நம்ம டிடி தமிழ், அதாவது ஜனவரி 2024 வரை பொதிகை. தமிழ் சீரியல் பதிவு செய்யத்தான் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்லும் வழி பிடிக்காது. கச்சேரி, கிராமியக் கலை, வயலும் வாழ்வும், கோயில் நேரலை, குடியரசு தின அணிவகுப்பு இதெல்லாம் வேண்டும் என்பவர்களுக்கு இது புதையல். (ஆறடி, எட்டடி சி-பேண்ட் டிஷ் வைத்து வேறு சேட்டிலைட்டில் பூட்டில்லாத சேனல்களைப் பிடிக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. நல்லவர்கள். ஆனால் எந்தச் சேனலை என்றைக்குப் பூட்டுவார்கள் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.)

டிஷ் சின்னதாக இருந்தால் வெயில் நாளில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெரியும். கேயூ-பேண்ட் அலைக்கு மழை ஆகாது. சாதாரண 60 செ.மீ. டிஷ்ஷுக்குப் பதில் 90 செ.மீ. வைத்தால் பரப்பு 2.25 மடங்கு, மழைக்கு அந்த அளவு தாக்குப்பிடிக்கும். நேரில் பார்க்கும்போது படம் கொஞ்சம் உடைந்தால் சகித்துக்கொள்வோம். பதிவில் உடைந்தது நிரந்தரமாக உடைந்தது. கிராபிக்ஸ் கார்டுக்குக் கொடுக்கும் காசில் பத்தில் ஒரு பங்கு கூட இந்தப் பெரிய டிஷ்ஷுக்கு ஆகாது.

கேபிள் இன்னும் மட்டமான கவனிப்பைப் பெறும் ஜீவன். முனையில் மாட்டும் கனெக்டருக்குள் மழைத்தண்ணீர் இறங்கினால் ஆறு மாதத்தில் பச்சை பிடித்து, சிக்னல் போய், நீங்கள் கீழே உட்கார்ந்து ட்யூனரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். கனெக்டருக்குச் சற்று முன்னால் கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். காசே செலவில்லாத விஷயம். எந்தப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. மின்னல் இறங்கும் ஊர் என்றால் டிஷ் கம்பத்துக்கு எர்த் போடுங்கள், எலக்ட்ரீசியனை வைத்து.

அடுத்தது ட்யூனர், நம்ம மாப்பிள்ளை. இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். "நாலு சேனல் ஒரே நேரத்தில் பதிவு செய்ய நாலு ட்யூனர் வேண்டும்" என்பார்கள். வேண்டாம். ஒரு ட்யூனர் பிடிப்பது சேனலை அல்ல, டிரான்ஸ்பாண்டரை. ஒரே டிரான்ஸ்பாண்டரில் இருக்கும் எல்லாச் சேனல்களும் அந்த ஒரே ட்யூனர் வழியாகத்தான் வருகின்றன. டிவிஹெட்எண்ட் மாதிரி மென்பொருள் அதில் வேண்டியவற்றைப் பிரித்துத் தனித்தனிக் கோப்பாக எழுதிவிடும். வேறு டிரான்ஸ்பாண்டர் சேனலும் அதே நேரத்தில் வேண்டும் என்றால்தான் இரண்டாவது ட்யூனர். என் கணிப்பில் இரண்டு தாராளம்.

இரண்டு ட்யூனர் என்றால் ஒரு கேபிளை சாதாரண ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ட்யூனர்தான் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் அனுப்பி, செங்குத்து அலையா கிடை அலையா என்று சொல்கிறது. 22 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் அனுப்பி, கீழ்ப் பகுதியா மேல் பகுதியா என்று சொல்கிறது. ஒரே எல்என்பியிடம் இரண்டு பேர் இரண்டு விதமாகக் கட்டளை போட்டால் அது யார் பேச்சைக் கேட்கும்? மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் உப்பு போட்ட சாம்பார்தான். இரட்டை வாய் உள்ள எல்என்பி வாங்கி, இரண்டு கேபிள் இழுக்க வேண்டும்.

லினக்ஸில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் (வேறு எதில் ஓட்டுவீர்கள்? விண்டோஸ் மீடியா சென்டரை மைக்ரோசாஃப்ட் 2015-ல் விண்டோஸ் 10-உடன் தலைமுழுகிவிட்டது), ட்யூனரின் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். டிவிபிஸ்கை எஸ்960, டிஜிட்டல் டிவைசஸ் கார்டுகள் எல்லாம் அப்படி. டிபிஎஸ் கார்டுகள் வன்பொருளாக நல்லவை, ஆனால் டிரைவரைத் தனியாகக் கொண்டுவந்து கட்ட வேண்டும், கெர்னல் மாறும்போதெல்லாம் மறுபடி கட்ட வேண்டும். நாம் சாட்சாத் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் வாரம்தான் அது மாறும். இந்த ஒரு தேர்வு, எட்டு கோரா பதினாறு கோரா என்ற பட்டிமன்றத்தை விட நூறு மடங்கு முக்கியம். பட்டியல்காரர் இதற்குத்தான் "ஏதாவது ஒண்ணு" என்று எழுதினார்!

வன்தட்டு. ரிச்சி தெருவில் கேமிங் கடையைத் தாண்டி, சிசிடிவி விற்கும் கடைக்குப் போங்கள். அங்கே கேமரா பதிவுக்கென்றே விற்கும் டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் மாதிரி தட்டுகள் கிடைக்கும். பல கேமராக்களில் இருந்து இருபத்துநாலு மணி நேரமும் வருவதை நிற்காமல் எழுதுவதற்காகவே செய்யப்பட்டவை. நம் வேலையும் அச்சு அசல் அதுதான். வேகம் தேவையில்லை, பொறுமைதான் தேவை. 1 டிபியில் மணிக்கு 1.8 ஜிபி வீதம் 550 மணி நேரம். இதற்கு என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்குவது, ரேஷன் அரிசியைப் பட்டுப் பையில் வாங்குவது மாதிரி.

வாங்கும்போது இரண்டு விஷயம். 2020-ல் டபிள்யூடி தன் ரெட் வரிசையில் சில மாடல்களில், டிராக்குகளை ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் முறையைச் சொல்லாமலே புகுத்தியது வெளியே வந்து நாறியது. அந்த முறையில் நேராக எழுதிக்கொண்டே போனால் பிரச்சினை இல்லை. அழித்து அழித்து, நாலு கோப்பை ஒரே நேரத்தில் எழுதும்போது திணறும். நம் பொட்டி செய்வது இரண்டாவது வகை. ஆகவே மாடல் எண்ணைப் பார்த்துச் சரிபார்த்து வாங்குங்கள். இரண்டாவது, 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் வெளிவந்த கூத்து: பல்லாயிரம் மணி நேரம் ஓடிக் களைத்த சீகேட் தட்டுகளின் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கிப் புதுசு என்று விற்றிருக்கிறார்கள். செகண்ட் ஹேண்ட் கார் மாதிரியே! ஸ்மார்ட் கணக்கை மாற்றியவர்கள், தட்டுக்குள் தனியாக இருக்கும் ஃபார்ம் என்ற பதிவை மாற்றவில்லை. ஸ்மார்ட்மான்டூல்ஸின் புதிய பதிப்பில் அதைப் படிக்கலாம். வாங்கின அன்றே படியுங்கள், பில் கையில் இருக்கும்போதே.

ரெய்டு போடச் சொல்கிறவர்களுக்கு ஒரே பதில்: சமையல் நிகழ்ச்சிக்கு எதற்கு ரெய்டு? தாத்தா வாசித்தது மாதிரி ஒன்று பதிவானால் அதை எடுத்து வேறு இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில். மற்றதெல்லாம் அழிந்தால் அழியட்டும்.

கரண்ட் பில்லுக்கு வருவோம், பட்டியல்காரர்கள் யாருமே பேசாத பகுதி. பதிவுப் பொட்டி நாள் முழுக்க ஓடும். அந்தக் கேமிங் பொட்டி சும்மா இருக்கும்போதே 70 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். 70 வாட், 24 மணி, 61 நாள்: 102 யூனிட்! 2016-ல் தமிழக அரசு அறிவித்த, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரம் மொத்தத்தையும் ஒரு பொட்டி தனியாகச் சாப்பிட்டு ஏப்பம் விடும், ஒரு நிகழ்ச்சி கூடப் பதிவு செய்யாமல். 2023-ல் வந்த இன்டெல் என்100 மாதிரி சிப் வைத்த குட்டிக் கணினி, வன்தட்டோடு சேர்த்து 15 வாட் என்றாலும் அதே இரண்டு மாதத்துக்கு 22 யூனிட். பதிவு இல்லாத நேரத்தில் தூங்கவிட்டு, நிகழ்ச்சிக்குப் பத்து நிமிஷம் முன்னால் ஆர்டிசிவேக் மூலம் எழுப்பினால் இன்னும் குறையும்.

"சரி, பதிவானதை ஃபோனில் பார்க்க வேண்டுமே, சின்னதாக மாற்ற பிராசஸர் வேண்டாமா?" நியாயமான கேள்வி, அந்தப் பட்டியலுக்கு ஆதரவாக நான் கேட்ட ஒரே உருப்படியான கேள்வியும் இதுதான். வேண்டும். ஆனால் இன்டெல் சிப்புகளில் அந்த வேலைக்கென்றே குவிக் சிங்க் என்று ஒரு பகுதி 2011-ல் இருந்து இருக்கிறது. என்100-லும் உண்டு. ஜெல்லிஃபின் அதை நேராகப் பயன்படுத்தும். வரிவரியாக வரும் பழைய படத்தைச் சீர்படுத்துவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். விளம்பரங்களை வெட்டும் காம்ஸ்கிப் கொஞ்சம் பிராசஸரைத் தின்னும், அதை ராத்திரி ரெண்டு மணிக்கு ஓட விடுங்கள், யாருக்கு அவசரம்? ராஸ்பெர்ரி பையில் செய்யலாமா என்றால், செய்யலாம், எழுதுவதை எஸ்டி கார்டில் எழுதாத வரை.

கரண்ட் கட். அமெரிக்கப் பட்டியலில் இருக்காது, நம் பட்டியலில் முதல் ஐந்துக்குள் இருக்க வேண்டும். வைஃபை ரௌட்டருக்கு என்று 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் கடைகளில் கிடைக்கிறதே, குட்டிக் கணினிகளில் பலவும் 12 வோல்ட்தான். வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று இரண்டு அடாப்டர்களையும் படித்துப் பார்த்து மாட்டினால், கட் ஆகும் நேரத்திலும் கச்சேரி பதிவாகிக்கொண்டிருக்கும். ஒன்று மட்டும் கவனம்: 3.5 அங்குல வன்தட்டு சுற்ற ஆரம்பிக்கும் நொடியில் அதிகம் இழுக்கும், அதற்கு இடம் விட்டு வாங்குங்கள். 750 வாட் பொட்டிக்கு இதே வசதி வேண்டும் என்றால் ஆட்டோ பேட்டரி சைஸில் ஒன்று வாங்கிக் கட்டிலுக்கடியில் வைக்க வேண்டியதுதான்.

பொட்டியை டிவி ஸ்டாண்டு அலமாரிக்குள், கொலு பொம்மைகளுக்குப் பின்னால் தள்ளிக் கதவைச் சாத்தாதீர்கள். வன்தட்டுகளுக்குப் பொதுவாக 60 டிகிரிதான் எல்லை. சித்திரை மாத மத்தியானம் மூடிய அலமாரிக்குள் அது எட்டிப்பிடிக்கும் தூரம். காற்று போக வழி விட்டால் போதும், தண்ணீர் ஓடும் கூலர் வேண்டாம்.

"எல்லாம்தான் ஓடிடியில் இருக்கே, யூட்யூபில் இருக்கே, எதுக்கு இந்தப் பாடு" என்று ஒரு கூட்டம் சிரிக்கும். எல்லாம் இருக்கிறது, இருக்கும் வரை. பிபிசி தன் டாக்டர் ஹூ தொடரின் 1960களின் பகுதிகளில் ஏராளமானதைத் தானே அழித்தது, டேப் மிச்சம் பிடிக்க. படம் போய்விட்ட அந்தப் பகுதிகளின் ஒலி இன்று முழுமையாக இருக்கிறது என்றால், அதற்குக் காரணம் டிவிக்கு முன்னால் டேப் ரெக்கார்டர் வைத்துப் பதிவு செய்த வீட்டுப் பிள்ளைகள்தான். அமெரிக்காவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற அம்மையார் 2012-ல் தான் இறக்கும் வரை, முப்பது வருடங்களுக்கு மேல், செய்திச் சேனல்களை இரவு பகலாக விஎச்எஸ் டேப்பில் பதிவு செய்தார். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட டேப்புகள்! உறவினர்கள் கிறுக்கு என்று நினைத்திருக்கலாம், இன்று அவை இன்டர்நெட் ஆர்க்கைவ் கையில். இவர்கள் யாரிடமும் நல்ல மெஷின் இல்லை. இருந்ததை வைத்து, ஒளிபரப்பான அன்றைக்கே பதிவு செய்தார்கள். எங்கள் ஊர் உற்சவத்தை எந்த ஓடிடி வாங்கி வைக்கப் போகிறது?

நிகழ்ச்சி நேரம் பற்றி ஒரு வார்த்தை. அறிவித்த நேரத்துக்குச் சரியாக ஆரம்பிக்கும் என்று நம்பாதீர்கள். முன்னால் பத்து நிமிஷம், பின்னால் இருபது நிமிஷம் கூட்டிப் போடுங்கள். நேரலை என்றால் பின்னால் ஒரு மணி நேரம். இடம் போகிறதே என்று கஞ்சத்தனம் வேண்டாம், மணிக்கு 1.8 ஜிபிதான். மங்களம் பாடுவதற்கு முன் பதிவு நின்றுபோன கச்சேரியைப் போல எரிச்சல் தருவது வேறில்லை.

வகுப்பு நண்பர்களுக்கு: ட்யூனர் ஆர்டர் போடுவதற்கு முன்னால் மாடிக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். சென்னையில் இருந்தால் ஃபோன் காம்பஸில் 134 டிகிரி, மதுரை என்றால் 122, அதாவது தென்கிழக்குப் பக்கம், தரையில் இருந்து சுமார் 68 டிகிரி உயரம், கிட்டத்தட்ட தலைக்கு மேல். டிஷ் அவ்வளவு அண்ணாந்து பார்க்கிற மாதிரி தெரியாது, அதன் வளைவே சாய்வானது, குழம்ப வேண்டாம். தூரத்துக் கட்டடம் எதுவும் மறைக்காது. ஆனால் அந்தத் திசையில் சுவரை ஒட்டிப் பக்கத்து வீட்டுத் தென்னை நின்றால், முதலில் அவரைப் போய்ப் பாருங்கள். கடைக்கு அப்புறம் போகலாம்.